சேம அச்சும் ஸ்டெப்னியும்

குற்றாலத்தில் சாரல் மனங்கோணாமல் பெய்துகொண்டிருந்த ஓர் ஆடி மாதத்து ஞாயிறு. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில், மத்தளம்பாறையைத் தாண்டிக் கடையத்தை நெருங்கும் வேளையில், என் காரின் பின்சக்கரம் வெடித்தது. வெடித்தது என்பதை இலக்கிய மிகையாகக் கொள்ளவேண்டாம். பின்னிருக்கையில் அரைத்தூக்கத்தில் இருந்த என் தாயார் திடுக்கிட்டு விழித்து, "என்னய்யா, கோயில்ல வேட்டு போடுதாங்களா?" என்று கேட்டார். அதற்குள் வண்டி இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கியிருந்தது.

இத்தகைய நேரத்தில் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை இறுகப் பற்றி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டி தானாக வேகம் குறையும்வரை நேராக ஓட்டவேண்டும் என்பதை நான் படித்திருக்கிறேன். படித்ததையெல்லாம் மறந்து பிரேக்கை மிதித்தேன். பின்பக்கம் ஒருமுறை வழுக்கிச் சுழன்றது. எதிரே அப்போது லாரி ஏதும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதக் கொடுத்துவைத்திருக்காது. சாலையோரப் புளியமரத்துக்கு இரண்டு முழம் முன்னதாக வண்டி நின்றது. என் மனைவி எதுவும் பேசவில்லை. அவர் பேசாமலிருப்பது எனக்கு எப்போதும் கூடுதலான கண்டனம்.

இறங்கிப் பார்த்தால், டயரின் பக்கச்சுவர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, உள்ளிருந்த நரம்புகள் நார்நாராகத் தொங்கின. சரி, ஸ்டெப்னி இருக்கிறதே என்று டிக்கியைத் திறந்து, சாமான்களையெல்லாம் சாலையோரம் அடுக்கி, அடியிலிருந்து அதை வெளியே எடுத்துக் கீழே போட்டேன். அது 'சொத்'தென்று விழுந்தது. காற்றில்லை. கார் வாங்கிய நாளிலிருந்து அதற்குக் காற்றுப் பிடித்ததாக எனக்கு நினைவில்லை.

இதில் என்னை நாணச்செய்த செய்தி வேறொன்று. அதற்கு முந்தைய வாரத்தில்தான் முதுகலை மாணவர்களுக்குப் புறநானூற்றின் 102-ஆம் பாடலை நடத்தியிருந்தேன். ஔவையார் பாடியது, அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றியது. உப்பு வாணிகரான உமணர்கள் நெடுவழி போகும்போது, வழியில் என்ன நேருமோ என்று அஞ்சி, வண்டியின் அச்சுமரத்துக்குக் கீழே இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு போவார்களாம். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். இளவரசன் அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்கிறார் ஔவை. நானும் வகுப்பில் உற்சாகம் மேலிட்டு, "ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே தமிழன் ஸ்டெப்னி வைத்திருந்தான்" என்று கூறிக் கைத்தட்டலும் வாங்கினேன். ஆறே நாளில் சேம அச்சு என்னைப் பழிவாங்கிவிட்டது.

கடையத்திலிருந்து டயர்க்கடைக்காரர் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு மணி நேரத்திலும், அதன்பின் அவர் கடையில் காத்திருந்த இன்னொரு மணி நேரத்திலும் தொடங்கிய சிந்தனை இது. பின்னர் நூல்களைத் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

*

முதலில் அந்தச் சேம அச்சையே இன்னும் சற்று நின்று பார்க்கலாம். உமணர் வண்டிகளைப் பற்றிச் சங்கப் பாடல்கள் நமக்கு அளிக்கும் செய்திகள் மிகுதி. பெரும்பாணாற்றுப்படையில் உப்புவண்டி ஒன்றை அதன் சக்கரம், ஆரக்கால், அச்சு என்று உறுப்புறுப்பாகக் காணலாம். கூடவே, இழுக்கிற காளைகள் ஓய்ந்துபோனால் மாற்றிக்கட்ட வேறு காளைகளையும் ஓட்டிச்செல்வர். ஆக, அச்சுக்கு ஒரு மாற்று, மாட்டுக்கு ஒரு மாற்று. சக்கரத்துக்கு மாற்று எடுத்துச்சென்றதாக நான் படித்ததில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே. மரவண்டியில் முதலில் தோற்பது அச்சு. பாரம் முழுதும் அதன்மேல்தான் இறங்குகிறது. மயிலிறகே ஆனாலும் அளவுமீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் 475-ஆம் குறளில் சொன்னதும் அச்சைத்தான், சக்கரத்தை அன்று. எந்தக் காலத்திலும் மனிதன் மாற்றுப்பொருளாக எதைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று பார்த்தால், அவனுடைய ஊர்தியின் எந்த உறுப்பின்மேல் அவனுக்கு நம்பிக்கை இல்லை என்பது தெரிந்துவிடும்.

மரச்சக்கரத்தின் விளிம்புக்கு வட்டை என்று பெயர். பின்னாளில் அதன்மேல் இரும்புப் பட்டை ஏறியது. என் சிறுவயதில் எங்களூர்க் கொல்லுப்பட்டறையில் பட்டை ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். வரட்டியும் விறகும் அடுக்கி இரும்பு வளையத்தைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, நாலு பேர் இடுக்கியால் தூக்கிவந்து மரச்சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் புகைந்து தீப்பிடிக்கும் தறுவாயில் குடம்குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிக்கொள்ளும். அந்தப் பட்டைக்கு ஆங்கிலத்தில் 'டயர்' என்றே பெயர். சக்கரத்துக்கு உடுத்திய ஆடை என்ற பொருளில் வந்த சொல் என்கிறார்கள் சொற்பிறப்பியலார். ரப்பர் வந்தபின் பெயர் மாறவில்லை, ஆடைதான் மாறியது.

இரும்பு ஆடை கிழியாது. ஆனால் குலுக்கும். ரப்பர் ஆடை குலுக்காது, கிழியும். ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளாக மனிதன் இந்த இரண்டுக்கும் நடுவே பேரம் பேசிக்கொண்டிருக்கிறான்.

*

ரப்பர் மரத்தின் பால் இயல்பில் உதவாக்கரைப் பொருள். வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் நொறுங்கும். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் இரண்டு குறையும் நீங்குவதைக் கண்டார். 1844-இல் காப்புரிமையும் பெற்றார். அந்த வினைக்கு உரோமரின் தீக்கடவுளான வல்கன் பெயரால் 'வல்கனைசிங்' என்று பெயர் வைத்தார்கள். (நம் சாலையோரத் தகரப் பலகைகளில், சுடலைமாடன் துணையென்றும் பேச்சியம்மன் துணையென்றும் எழுதிய வரிக்குக் கீழே, 'வல்கனைசிங் ஒர்க்ஸ்' என்று அந்த உரோமத் தெய்வமும் குடியிருக்கிறது. இரு தரப்பாரும் இதுவரை சச்சரவிட்டதாகத் தெரியவில்லை.)

காற்றடைத்த சக்கரத்தை முதலில் கண்டவர் டன்லப் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ரப்பர் பூசிய துணிக்குழாய், அதன்மேல் தோல் உறை. குதிரைவண்டியில் பூட்டி ஓட்டியும் காட்டினார். சத்தமில்லாமல் உருண்டது. ஆனால் வாங்க ஆளில்லை. நாற்பதாண்டு கழித்துப் பெல்பாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் சிறுவனின் மூன்றுசக்கரச் சைக்கிள் குலுங்காமல் ஓடவேண்டி அதையே மறுபடியும் கண்டார். 1888-இல் காப்புரிமை. பின்னர் தாம்சனின் பழைய உரிமை வெளிப்பட்டதும் அது செல்லாதென்றாயிற்று. ஆனால் பெயர் டன்லப்புக்கே நிலைத்தது. ஒரே கருத்து காலத்துக்கு முன்னே பிறந்தால் பைத்தியக்காரத்தனம், காலத்தில் பிறந்தால் கண்டுபிடிப்பு. இலக்கியத்திலும் இப்படிச் சிலரை நாம் அறிவோம்.

1895-இல் பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் முதன்முறையாகக் காற்றடைத்த டயரோடு ஒரு மோட்டார் வண்டியை இறக்கினார்கள். வழிநெடுகப் பஞ்சர். குறித்த நேரத்துக்குள் வந்துசேர முடியவில்லை. ஆயினும் எதிர்காலம் அந்தத் தோற்ற வண்டியின் பக்கமே இருந்தது.

அக்காலத்துப் பஞ்சர் என்பது சாமானியமன்று. சக்கரம் வண்டியோடு நிரந்தரமாகப் பூட்டியது, கழற்ற இயலாது. நடுச்சாலையில் அமர்ந்து, டயரை விளிம்பிலிருந்து நெம்பி, டியூபை எடுத்து ஒட்டி, கையால் காற்றடிக்கவேண்டும். சாலைகளிலோ குதிரை லாடத்து ஆணிகள். நம்மூரில் பேருந்துத் தொழிலின் முன்னோடியான டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கினார். அக்காலத்தில் பேருந்துக்கு முன்னால் காந்தம் கட்டிய வண்டியை ஓடவிட்டு, சாலையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்க ஏற்பாடு செய்திருந்தார் என்று மதுரைப்பக்கத்துப் பெரியவர்கள் கதைபோலச் சொல்வார்கள்.

1904-இல் வேல்சு நாட்டின் லனெல்லி என்ற சிற்றூரில் டேவிஸ் என்ற குடிப்பெயருடைய சகோதரர் இருவர் ஒரு வழி கண்டார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் விளிம்பில் காற்றடைத்த டயரைப் பூட்டிவைத்துக்கொள்வது. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலேயே அதன் பக்கத்தில் இதைக் கவ்விகளால் மாட்டி ஓட்டிப்போவது. அவர்கள் பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. சக்கரத்துக்கும் அதுவே பெயராயிற்று. பிறகு சக்கரத்தையே கழற்றி மாட்டும் முறை வந்தது. ஸ்டெப்னிச் சக்கரம் மறைந்தது. இன்று இங்கிலாந்தில் போய் 'ஸ்டெப்னி' என்றால் லண்டனில் ஒரு பகுதியின் பெயராக மட்டுமே கொள்வார்கள். ஆனால் இந்தியாவில், மால்டாவில், இன்னும் சில இடங்களில் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. வேல்சின் ஒரு சந்துப்பெயரைக் கடையத்து டயர்க்கடைப் பையன் நாளுக்குப் பத்துமுறை உச்சரிக்கிறான். (நம் பேச்சுவழக்கில் இச்சொல்லுக்குப் பெண்களை இழிவுபடுத்தும் இன்னொரு பொருளும் ஏறியிருக்கிறது. ஔவை ஓர் இளவரசனுக்குப் பெருமையாகச் சொன்ன உவமையை நாம் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கட்டும்.)

*

டயர்க்கடைக்காரர் டி.வி.எஸ். 50-இல் வந்திறங்கினார். ஐம்பதைத் தாண்டியவர். கிழிந்த டயரை ஒரு பார்வை பார்த்தார். திருப்பி, அதன் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களை விரலால் தடவிப் படித்தார். முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

"பத்து வருசத்துக்கு மேல ஆயிட்டுல்லா சார்? பட்டன் தேயலன்னு பாத்துருப்பீங்க. ரப்பர் வயசாயி வெடிச்சிட்டு. காத்தும் கொறவாத்தான் ஓட்டிருக்கீங்க."

"எப்படிச் சொல்கிறீர்கள் அண்ணாச்சி?"

"சைடுல பாருங்க, கருகுன மாதிரி ஒரு வளையம். காத்து கொறஞ்சா சைடு மடங்கி மடங்கி நிமிரும். அதுல சூடாயிரும். ரோட்டுல கல்லு குத்தி வெடிக்கல சார் இது, சூட்டுல வெடிச்சிருக்கு."

பின்னர் நான் நூல்களில் படித்ததும் இதுவே. டயரில் பாரத்தைத் தாங்குவது ரப்பரன்று, உள்ளிருக்கும் காற்று. காற்று குறையும்போது பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுமீறி மடங்கி நிமிர்கிறது. அந்த உழைப்பு வெப்பமாகிறது. வெப்பத்தில் ரப்பருக்கும் உள்நரம்புக்கும் உள்ள பிடிப்பு விடுகிறது. வேகமும் பாரமும் கூடினால் விரைவில் விடுகிறது. நாங்கள் ஐவர், போதாக்குறைக்குக் குற்றாலத்தில் வாங்கிய பழக்கூடைகள். வள்ளுவர் சொன்ன அளவு மீறல்தான்.

இரண்டு சக்கரங்களையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்கு வெளியே, அடுக்கிய பழைய டயர்களின்மேல், வெள்ளைச் சேலை உடுத்த ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். கடைக்காரரின் தாயார். என் தாயாரும் அவரருகே போய் அமர்ந்துகொண்டார். வயதானவர்கள் பேசத் தொடங்க ஊர்ப்பெயர் போதும். ஐந்து நிமிடத்தில், "இவங்க சிலோன்ல பொறந்தவங்களாம்ய்யா" என்று என்னை அழைத்தார்.

களுத்துறைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அந்த மூதாட்டி. பதினாறு வயதுக்குள் பால்வெட்டுக்குப் போனவர். ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டுக் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, பின்பு குளத்துப்புழை ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர். கடையத்திலிருந்து மேற்கே தெரியும் மலைக்கு அந்தப்புறம்தான் குளத்துப்புழை. அங்கேயும் அதே மரம், அதே கத்தி. மகன் இங்கே பெண் கட்டிக் கடையும் போட்டதால் வந்து இருக்கிறார்.

நான் அதுவரை டயரை இங்கிலாந்துக்காரரும் பிரெஞ்சுக்காரரும் கண்ட பொருளாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். அதில் நம்மவர் பங்கு பஞ்சர் ஒட்டுவது என்பது என் துணிபு.

*

1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை 3,000-க்கும் குறைவு. அவற்றுள் 1,900-க்கும் மேற்பட்ட நாற்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன. கம்பகாவுக்கு அருகில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வளர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. ஆசியாவின் ரப்பர்க் காடுகளெல்லாம் பெரும்பாலும் இந்தச் சிறு குடும்பத்தின் வழித்தோன்றல்கள்.

தொடக்கத்தில் யாரும் சீண்டவில்லை. சிங்கப்பூர்த் தோட்டத்தின் தலைவராக 1888-இல் வந்த ரிட்லி, சட்டைப்பையில் விதைகளை வைத்துக்கொண்டு காண்போரிடமெல்லாம் நடச்சொல்லி மன்றாடியதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்றார்கள். மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தவர் அவரே. அதற்குள் மோட்டார் வண்டி பெருகியது. 1910-இல் லண்டன் பங்குச்சந்தையில் ரப்பர்ப் பங்குகளுக்கு வெறிபிடித்தது. காடுகள் அழிந்து தோட்டங்களாயின. காட்டு ரப்பருக்காகக் காங்கோவில் பெல்ஜிய மன்னன் லியோபால்டின் ஆட்கள் செய்த கொடுமை தனி வரலாறு. தோட்ட ரப்பருக்கு வேண்டிய கைகள் தமிழ்நாட்டிலிருந்து போயின.

ஊருக்கு வந்த கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். அந்த முன்பணமே கடனாகத் தொழிலாளியின் கழுத்தில் விழும். இலங்கையில் 'துண்டு' என்று ஒரு வழக்கம் இருந்தது. ஆளுக்குள்ள கடன் தொகை எழுதிய சீட்டு. வேறு தோட்டத்துத் துரை அத்தொகையைக் கட்டினால் ஆள் அங்கே போகலாம். ஆளுக்கு விலைச்சீட்டு என்று தமிழ்ப்படுத்தலாம். 1921-இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. மலாயாவுக்கு ஆளனுப்புவதை 1938-இல் இந்திய அரசு நிறுத்தியது.

நம் இலக்கியம் இதைப் பார்க்காமல் இல்லை. இதே கடையத்தில் 1918 கடைசியிலிருந்து 1920 வரை செல்லம்மாவின் ஊர் என்ற முறையில் வாழ்ந்த பாரதி, அதற்கு முன்பே பிஜித்தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாடிவிட்டார். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன பெண்ணின் கதை. ரப்பருக்கு, பின்னாளில் அகிலனின் 'பால்மரக் காட்டினிலே'. கரும்பும் தேயிலையும் நம் வீட்டுக்குள் வருகிற பொருள்கள். அவற்றில் கண்ணீர் கலந்திருப்பதை எளிதில் உணர்ந்தோம். டயர் வாசலோடு நின்றுவிடுகிறது. அதனால்தானோ என்னவோ, ரப்பருக்கு நம் பாடநூல்களில் இடமில்லை. நான் இருபதாண்டாகப் பாடம் நடத்துகிறேன். ஒருமுறையும் அதைச் சொன்னதில்லை.

மூதாட்டி வெடித்த என் டயரை மடிக்கருகே இழுத்து, நகத்தால் அதன்மேல் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். "இப்பிடி வெட்டணும். எடப்பக்கம் ஒசரம், வலப்பக்கம் தாழ்வு. மாத்தி வெட்டுனா பால் கொறயும். கத்தி உள்ள மரத்துல பட்டுரக் கூடாது, பட்டா கண்ணி வந்துரும். கங்காணி ஏசுவான்." பால்குழாய்கள் பட்டைக்குள் வலப்பக்கமாகச் சாய்ந்து ஏறுவதால், இடமிருந்து வலமாகச் சரியும் வெட்டே மிகுதியான குழாய்களை அறுக்கும் என்று தாவரவியல் நூல்கள் விளக்குகின்றன. அவருக்கு அது கையில் இருந்தது.

"விடியுமுன்ன போயிரணும். வெயில் ஏறுனா பால் நின்னுரும். மழைன்னா வெட்டு இல்ல. வெட்டு இல்லன்னா பேரு இல்ல." பேர் என்றால் அன்றைய கூலிக் கணக்கு. முழுப்பேர், அரைப்பேர் என்பது தோட்டத்துத் தமிழ்.

நாங்கள் சாரலைத் தேடிக் குற்றாலத்துக்குப் போய்த் திரும்பியவர்கள். மலையின் அந்தப்புறத்தில் அதே மழை பேரில்லாத நாளாக இருந்திருக்கிறது. பட்டைக்குமேல் பிளாஸ்டிக் கூரை கட்டும் ஏற்பாடு பெருகியபின் இந்த நட்டம் ஓரளவு குறைந்ததாம்.

*

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் கைவிட்டுப்போனதால் உலக ரப்பரின் பெரும்பகுதி ஒரே வீச்சில் நேசநாடுகளுக்கு இல்லையென்றாயிற்று. அமெரிக்காவில் போர்க்காலப் பங்கீட்டுக்கு முதலில் வந்த பொருள் டயர். பெட்ரோலை அளந்து கொடுத்ததும் மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டாதே என்றதும்கூடப் பெரும்பாலும் டயரைச் சேமிக்கவே. நம்மூர்ப் பேருந்துகள் முதுகில் கரியடுப்பு சுமந்து கரிவாயுவில் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். டி.வி.எஸ். நிறுவனத்தார் அதற்கென்றே கருவி செய்து கொடுத்தனர். தேய்ந்த டயருக்கு மேல்தோல் போர்த்தும் ரீட்ரேடிங் தொழிலையும் 1940-களில் தொடங்கினர். கையில் ரப்பர்க் காடு எஞ்சியிருந்த இலங்கையில் மரங்களை அளவுமீறி வெட்டிப் பாலெடுத்தார்கள். 'கொலைவெட்டு' என்று அதற்குப் பெயர். மரத்தின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இன்றைக்கு வருவதையெல்லாம் கறந்துவிடுவது.

மலாயாவில் எஞ்சியது மரமன்று, மனிதர்கள். ஏற்றுமதி நின்ற தோட்டங்களில் வேலையில்லை. அந்தத் தமிழர்களை ஜப்பானியர் சயாம்–பர்மா இரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர்வரை 415 கிலோமீட்டர். காலராவிலும் பட்டினியிலும் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். ஐரோப்பியப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. இவர்களுக்கு அத்தகைய கணக்கு இல்லை. மலேசியத் தமிழ் எழுத்தாளர்களான ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்களே நமக்குக் கிடைக்கும் சாட்சியம்.

இலங்கைத் தமிழ்த் தொழிலாளரின் கதை வேறுவிதமானது. 1948-இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தமிட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. பத்தாண்டு கழித்து 1974-இல் அந்த மிச்சத்தைப் பாதிப்பாதியாக, 75,000 வீதம், பிரித்துக்கொண்டனர். கணக்கு சரியாகத் தீர்ந்தது. எந்த அண்ணன் எந்தப் பாதியில், எந்தத் தங்கை எந்தப் பாதியில் என்பது ஒப்பந்தத்தில் இல்லை. மூதாட்டியின் தமக்கை ஒருவர் அங்கேயே நின்றுவிட்டாராம். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வந்தவர்களுக்கு வேலை வேண்டும். ரப்பர் தெரிந்தவர்களுக்கு ரப்பரே கொடுக்கப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு முதலிய இடங்களில் அரசு வளர்த்த தோட்டங்கள் 1984-இல் அரசு ரப்பர் கழகம் ஆயின. கேரளப் பக்கத்தில், புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் 1976-இல் அமைந்தது. குளத்துப்புழையும் ஆயிரநல்லூரும் அதன் தோட்டங்கள். 1904-இல் கொல்லத்தையும் திருநெல்வேலியையும் இணைத்த இரயில்பாதை கடையம் வழியாகத்தான் போகிறது. மலைக்கு அந்தப்புறத்துப் பாலும் ஆட்களும் இந்தப்புறம் வருவதற்கு அதுவும் செங்கோட்டைச் சாலையுமே வழி. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி, 1961-இல் டயருக்கு வந்த எம்.ஆர்.எப். முதலிய ஆலைகளின் வாயில்கள் அந்தப் பாலுக்குத் திறந்திருந்தன.

ஔவையின் சேம அச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அது வண்டியோடு கட்டப்பட்டிருந்தது. முறிந்தது ஒன்றென்றால் ஏறுவது இது, இரண்டும் ஒரே வண்டியின் உறுப்பு. தோட்டத்து ஆளும் மாற்றுறுப்பாகவே கணக்கிடப்பட்டார். ஒருவர் விழுந்தால் கங்காணி இன்னொருவரைக் கொண்டுவருவார். ஆனால் எந்த வண்டியிலும் அவர் கட்டப்பட்டிருக்கவில்லை. இந்த வேறுபாட்டை வகுப்பில் எப்படிச் சொல்வதென்று அன்றிரவு முழுதும் யோசித்தேன். இன்னும் சரிவரக் கைகூடவில்லை.

*

புது டயர் மாட்டியாயிற்று. ஸ்டெப்னியின் வால்வு பழுதாயிருந்தது. அதையும் மாற்றிக் காற்றுப் பிடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார் கடைக்காரர். "மாசம் ஒருக்க இதையும் பாத்துக்கிடுங்க சார். அடியில கெடக்குன்னு விட்டுறாதீங்க." வெடித்த டயருக்கு என்ன செய்வீர்கள் என்றேன். நல்ல பகுதியை அறுத்துச் செருப்புக்கடைக்கும் வாளி செய்கிறவர்க்கும் கொடுப்பார்களாம். மற்றது சூளைக்கு.

கிளம்பும்போது என் தாயார் டிக்கியைத் திறக்கச்சொல்லி, குற்றாலத்தில் வாங்கிய மங்குஸ்தான் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி மூதாட்டியின் மடியில் போட்டார். அவர் ஒன்றை எடுத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். ஓடு ஒரே சீராகப் பிளந்தது. நாங்கள் அதைக் கத்தியால் வெட்டித்தான் பழகியவர்கள்.

"களுத்துறையில இது கெடந்து அழியும் தாயி," என்றார். "யாரும் காசுக்கு வாங்க மாட்டாங்க."